டர்போ ஸ்லெட் ஆழப் பனில மூச்சு முட்டுதா? எப்ப முட்டுதுன்னு முதல்ல பாருங்க

ஆழப் பனில டர்போ ஸ்லெட், அதாவது டர்போ மாட்டுன ஸ்னோமொபைல் (பனில ஓட்டுற வண்டி), இழுக்க மாட்டேங்குதுன்னா எல்லாரும் முதல்ல பண்றது ஃபில்டர கழட்டிப் பாக்குறதுதான், அதுல கொஞ்சம் பனி இருக்கத்தான் செய்யும், தட்டிட்டு திரும்ப மாட்டுவாங்க, வண்டி கொஞ்ச தூரம் நல்லா ஓடும், அப்புறம் திரும்ப அதே திணறல். ஃபில்டர்ல பனி இருக்குறது ஆச்சரியமே இல்லங்க, இடுப்பளவு பனிக்குள்ள போறோம். அந்தப் பனி எந்த நேரத்துல எப்படி அங்க வந்துச்சு, வந்தது காஞ்ச தூளா இருக்கா இல்ல உருகி திரும்ப உறைஞ்ச ஐஸா இருக்கா, இதுதான் கேள்வி. காஞ்ச தூள் பெரிய தொல்லை இல்ல. உருகி உறைஞ்சதுதான் வேலைய கெடுக்கும். அதனால கீழ எல்லாத்தையும் பார்ட் வாரியா பிரிக்காம, எப்ப திணறுதுங்குறத வெச்சுப் பிரிச்சிருக்கேன்.

இது கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, அமெரிக்காவுல வயோமிங், மொன்டானா பக்கம் மலை ஏறுற வண்டிக்கு எழுதுனது. ரெவல்ஸ்டோக், வேல்மவுண்ட், சிக்கமஸ், டொக்வோட்டி பாஸ், குக் சிட்டி மாதிரி இடங்கள். ரெவல்ஸ்டோக் பக்கத்துல மவுண்ட் கோப்லேண்ட்ல 1971-72 குளிர்காலத்துல மட்டும் 24 மீட்டருக்கு மேல பனி விழுந்துச்சு, கனடா ரெக்கார்டு அது, அப்ப எந்த மாதிரி ஊர்னு பாத்துக்கங்க. குல்மார்க்ல டூரிஸ்ட்ட பின்னாடி உக்கார வெச்சு அடிச்சு வெச்ச பாதைல ஓட்டுற வண்டிக்கு இதுல முக்காவாசி தேவைப்படாது.

டர்போ வண்டில மட்டும் ஒரு சிக்கல்

டர்போ இல்லாத சாதா வண்டில இன்டேக், அதாவது இன்ஜின் காத்த இழுக்குற வழி, கொஞ்சம் அடைச்சா உடனே தெரிஞ்சுரும், பவர் குறையும், அவ்ளோதான். டர்போ வண்டில அப்படி இல்ல, டர்போங்குறது எக்ஸாஸ்ட் புகையால சுத்தி இன்ஜினுக்கு காத்த அமுக்கிக் குடுக்குற சாமான், அது அடைப்ப மறைச்சுரும். எப்படின்னா, 8,000 அடி உயரத்துல காத்தழுத்தம் சுமார் 75 கிலோபாஸ்கல்தான், கடல் மட்டத்துல 101. மீதி 26 கிலோபாஸ்கல், அதாவது 4 பிஎஸ்ஐக்கு கொஞ்சம் கம்மி, அத டர்போ கூட்டிக் குடுக்குது, இந்தக் கூடுதல் அழுத்தத்தத்தான் பூஸ்ட்னு சொல்றது. ஃபேக்டரிலயே டர்போ மாட்டுன டூ-ஸ்ட்ரோக்ல முதல்ல வந்த ஸ்கீ-டூவோட ரோட்டாக்ஸ் 850 ஈ-டெக் டர்போ, 2020 மாடல், அதுல 8,000 அடி வரைக்கும் 165 ஹெச்பி குறையாதுன்னு சொன்னதும் இந்தக் கணக்குலதான். இப்ப ஃபில்டர் பாதி அடைச்சு டர்போ வாய்ல 70 கிலோபாஸ்கல்தான் கிடைக்குதுன்னு வைங்க. ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) என்ன பண்ணும், வேஸ்ட்கேட்ட (எக்ஸாஸ்ட் புகைய டர்போவுக்குப் போகாம திருப்பி விடுற கதவு) இன்னும் கொஞ்சம் மூடும், டர்போ இன்னும் வேகமா சுத்தும், 101 வந்துரும், ஓட்டுறவருக்கு ஒண்ணுமே தெரியாது. வேஸ்ட்கேட் முழுசா மூடி அதுக்கு மேல முடியாதுங்குற கட்டம் வந்தப்புறம்தான் பவர் தொபுக்குனு விழும். அதாவது உங்களுக்குத் தெரியவரும்போது அடைப்பு ஏற்கனவே முத்திப் போயிருக்கும். அதுவரைக்கும் டர்போ கூடுதல் வேகத்துல சுத்தி காத்த கூடுதலா சூடாக்கிட்டு இருந்திருக்கும்.

எவ்ளோ காத்துன்னு ஒரு தோராயம் சொல்றேன். 850 டூ-ஸ்ட்ரோக் 8,000 ஆர்பிஎம்ல சுத்தும்போது 0.85 லிட்டர் தடவ 8,000, நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 6,800 லிட்டர். இவ்ளோ காத்தையும் கன்சோல் மேலயும் ஹூட்லயும் இருக்குற கொஞ்சூண்டு மெஷ் வழியாத்தான் இழுக்கணும், அந்த மெஷ்ஷ சுத்தி பறக்குறது பூரா பனி.

இன்னொண்ணு, பனியோட தரம். மைனஸ் 15, 20ல விழுற காஞ்ச பவுடர் மெஷ்ல ஒட்டாது, ஆனா மாவு மாதிரி நைஸா இருக்குறதால மெஷ்ஷ தாண்டி உள்ள போயிரும். மைனஸ் 2, பூஜ்யம் பக்கம் இருக்குற ஈரப் பனி, விஸ்லர் பக்கம் கடலோர மலைகள்ல கிடைக்குமே, அது மெஷ் மேலயே அப்பி அடைச்சுக்கும். ஒண்ணு வெளில அடைக்கும், இன்னொண்ணு உள்ள போய் அடைக்கும். வைத்தியம் ரெண்டுக்கும் ஒண்ணு கிடையாது.

மெல்ல மெல்ல பவர் குறையுது, நின்னு எடுத்தா கொஞ்சம் தேவலாம்

இது மெஷ் அல்லது ப்ரீஃபில்டர் அடைப்பு. நீளமா ஒரே மூச்சுல ஏறும்போது வரும். ஆர்பிஎம் பாருங்க, உங்க வண்டி ஃபுல் த்ராட்டில்ல 8,000 சுத்தணும்னா 7,500, 7,400ன்னு இறங்கும், டர்போ விசில் மட்டும் வழக்கத்த விட கீச்சுனு கேக்கும். ஆர்பிஎம் இறங்குது ஆனா விசில் ஏறுதுன்னா இழுக்குற பக்கம்தான் சந்தேகம்.

பாதுகாப்பான இடத்துக்குப் போயிருங்க முதல்ல. சரிவுக்கு அடிலயோ அவலாஞ்ச் (பனிச்சரிவு) இறங்குற வழிலயோ நின்னுட்டு ஹூட்ட தொறக்குற பழக்கம் வேணாம். டெதர் (உடம்புல மாட்டிக்கிற கயிறு, கழண்டா இன்ஜின் நின்னுரும்) கழட்டி இன்ஜின ஆஃப் பண்ணிட்டு வெளி மெஷ்ஷ எல்லாம் கைல தடவிப் பாருங்க. பனி பொலபொலன்னு உதிருதுன்னா சந்தோஷம், சின்ன பிரஷ்ல தட்டி விட்டுட்டு கிளம்பலாம். கெட்டியா தகடு மாதிரி இருந்துச்சுன்னா அது உருகி உறைஞ்சது, குத்தி எடுக்காதீங்க மெஷ் கிழியும், கிழிஞ்ச மெஷ் வழியா ஐஸ் துண்டு உள்ள போனா அடைப்ப விட பெரிய செலவு. கழட்ட முடியுற மெஷ்ஷா இருந்தா கழட்டி ஜாக்கெட்டுக்குள்ள அஞ்சு நிமிஷம் வெச்சு, உதறி, ஈரத்த துணில ஒத்தி எடுத்துட்டு மாட்டுங்க. ஈரத்தோட மாட்டுனா அடுத்த ஏத்தத்துக்குள்ள திரும்ப தகடாயிரும்.

ஃபோம் ஃபில்டர் இருக்குற வண்டில அதுக்கு ஆயில் போடுறவங்க இருக்காங்க, டர்ட் பைக் பழக்கம். பைக்ல ஆயில் எதுக்கு, தூசி ஒட்டுறதுக்கு. இங்க பனியும் அதே மாதிரி ஒட்டும், குளிர்ல ஃபோமும் விறைச்சுக்கும். மேனுவல்ல ஆயில் போடச் சொல்லலன்னா போடாதீங்க.

அடைப்ப கண்டுக்காம ஓட்டுனா என்ன ஆகும்னா, இளநி குடிக்கும்போது ஸ்ட்ரால வழுக்கை மாட்டிக்கிட்டா ஸ்ட்ரா அப்படியே சப்பையா ஒட்டிக்குமே, டர்போவுக்கு முன்னாடி இருக்குற ரப்பர் குழாயும் அதேதான் பண்ணும். கிட் போட்ட வண்டில, அதாவது டர்போவ தனியா வாங்கி மாட்டுன வண்டில, மெல்லிசான குழாய் இருந்தா இது இன்னும் சீக்கிரம். இன்ஜின ஆஃப் பண்ணதும் குழாய் பழைய ஷேப்புக்கு வந்துரும், அதனால நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது. குழாய்ல மடிப்புத் தடம், வெளிறுன கோடு இருக்கான்னு பாருங்க.

மூஞ்சில பனி அடிச்சதும் டக்குனு முக்குது, ரெண்டு செகண்ட்ல சரியாயிடுது

ஹூட்டுக்கு மேல பனி பாயும்போது ஒரு கை பனி மொத்தமா உள்ள போயிருக்கு, கம்ப்ரஸர்ல (டர்போல காத்த அமுக்குற சக்கரம்) அடிபட்டு உருகி ஆவியாயிருச்சு, இன்ஜின் ஒரு தடவ இருமிட்டு மேல போயிருச்சு. எப்பயாவது ஒருமுறைன்னா கவலப்படாதீங்க. மைனஸ் 10ல உள்ள போற காத்து டர்போவ தாண்டும்போது இந்த அளவு பூஸ்ட்டுக்கே 20, 30 டிகிரிக்கு ஏறிரும், அதனால தூள் பனி இன்ஜினுக்குப் போறதுக்குள்ள பனியா இருக்காது.

ஒவ்வொரு தடவையும் முக்குதுன்னாதான் தேடணும். ஏர்பாக்ஸ் (இழுக்குற காத்து வந்து சேர்ற பெட்டி) மூடி சரியா லாக் ஆகல, மெஷ் ஓரம் தூக்கியிருக்கு, சைட் பேனல் கிளிப் ஒண்ணு போயிருக்கு, பேனல் கீழ விரல் நுழையுற சந்து இருக்கு. பேனல் சந்து வழியா உள்ள வர பனி நேரா எக்ஸாஸ்ட் மேல விழுந்து ஆவியாகி, அந்த ஆவிய இன்டேக் இழுக்கும். கிட் வண்டில ஃபில்டர் ஹூட்டுக்கு அடிலயே தொங்கும், அங்க இது அடிக்கடி. ஹெட்லாம்ப்ப சுத்தி, ஸ்டீயரிங் போஸ்ட் கீழ, பெல்லி பேன் ஓட்டைன்னு ஒரு டார்ச்ச உள்ள வெச்சு இருட்டுல வெளில இருந்து பாருங்க, வெளிச்சம் கசியுற இடமெல்லாம் பனி நுழையுற இடம். ஃபோம் டேப் ஒட்டி அடைக்கலாம், ஆனா எல்லாத்தையும் அடைச்சுறாதீங்க, ஏன்னு கீழ சூடு பத்தி சொல்லும்போது வரேன்.

ஒரு பக்கம் சாஞ்சா மட்டும் திணறுது

சைட்ஹில் பண்ணும்போது, அதாவது சரிவுக்கு குறுக்கால ஓட்டும்போது, மலைப் பக்கம் இருக்குற பேனல் பனிக்குள்ள புதைஞ்சு போகும். இடது பக்கம் மலை இருந்தா சரியா இருக்கு, வலது பக்கம் மலை இருந்தா திணறுதுன்னா உங்க வண்டி வலது பக்க வென்ட்டயே அதிகமா நம்பி ஓடுதுன்னு அர்த்தம், இல்லன்னா இடது பக்க வென்ட் ஏற்கனவே அடைச்சுக்கிச்சு, இப்ப வலதும் புதைஞ்சதும் காத்து வர வழியே இல்ல. முதல்ல நல்லா இருக்குற பக்கத்த பாருங்க, புதையுற பக்கத்த அப்புறம் பாக்கலாம்.

இதுலயே இன்னொரு சமாச்சாரம், சில வண்டில எக்ஸாஸ்ட் வாயும் அதே பக்கம் இருக்கும். எக்ஸாஸ்ட் புதைஞ்சாலும் இன்ஜின் அதே மாதிரிதான் திணறும். வித்தியாசம் கண்டுபிடிக்கிறது ஈஸி, வண்டிய நிமித்துன உடனே பட்டுனு சரியாச்சுன்னா எக்ஸாஸ்ட், நிமித்துனப்புறமும் கொஞ்ச நேரம் மந்தமா இருந்து அப்புறம் தேறுச்சுன்னா இன்டேக். மாட்டிக்கிட்ட வண்டிய தோண்டாம ஆக்சிலேட்டர மட்டும் அமுக்கிக்கிட்டு நிக்கிறவங்களுக்கும் இதுதான் நடக்குது, எக்ஸாஸ்ட் பனிக்குள்ள, கக்குன புகையவே இன்டேக் திரும்ப இழுக்குது. தோண்டுங்க முதல்ல.

முன்னாடி வண்டி போனா மட்டும்

அவர் கிளப்புற பனித் தூசிய நீங்க குடிக்கிறீங்க. தள்ளிப் போங்க, இல்ல காத்து அடிக்கிற பக்கமா விலகி ஓட்டுங்க. இதுக்கு பார்ட் எதுவும் வாங்க வேணாம்.

சாப்பாட்டுக்கு நிறுத்திட்டு திரும்ப எடுத்தா கோளாறு

என்னைக் கேட்டா இந்த ஒரு செக்ஷன மட்டும் படிச்சாலே போதும், மலைல நடக்குற இன்டேக் தொல்லைல மோசமானதெல்லாம் இந்த அரை மணி நேரத்துலதான் உருவாகுது. வண்டி ஓடும்போது டர்போவுக்கு முன்னாடி இருக்குற குழாய், ஃபில்டர் எல்லாம் வெளிக் காத்து மாதிரியே குளிரா இருக்கும், பனித் தூள் அங்க தூளாவே இருக்கும். வண்டிய நிறுத்துனதும் காத்து ஓட்டம் நின்னு போச்சு, ஆனா டர்போவும் எக்ஸாஸ்ட்டும் கொதிச்சுக்கிட்டு இருக்கு, அந்த சூடு முழுக்க ஹூட்டுக்கு அடில தேங்கி நிக்கும். பத்து நிமிஷத்துல ஃபில்டர்ல இருந்த பனி தண்ணியாயிரும், சொட்டி குழாயோட பள்ளமான இடத்துல, கம்ப்ரஸர் ஹவுசிங் அடில, இன்டர்கூலர் (டர்போல சூடான காத்த ஆற வைக்கிற ரேடியேட்டர்) இருக்குற வண்டின்னா அதோட அடில தேங்கும். அப்புறம் சூடு ஆறும். நீங்க தெர்மாஸ்ல இருந்து ரெண்டாவது கப் ஊத்தும்போது அந்தத் தண்ணி ஐஸாயிருக்கும்.

இப்ப என்னென்ன ஆகலாம். ஃபில்டர் முழுக்க ஐஸ் தகடு, ஸ்டார்ட் ஆகும் ஆனா ஐட்லிங்ல நிக்காது. இல்லன்னா ஸ்டார்ட் ஆகி நல்லா நிக்கும், ஆனா த்ராட்டில் குடுத்தா விசிலே கேக்காது, பூஸ்ட் பூஜ்யம், ஏன்னா கம்ப்ரஸர் வீல் ஹவுசிங்கோட சேந்து உறைஞ்சு போயிருக்கு. இந்த நிலைமைல ஃபுல் த்ராட்டில் குடுத்து உடைச்சு விடலாம்னு நினைக்காதீங்க, மெல்லிசான அலுமினிய இறக்கை அது, ஓடும்போது நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல போற சாமான். ஐட்லிங்லயே விடுங்க, எக்ஸாஸ்ட் சூடு ஷாஃப்ட் வழியா பரவி தானா விடுபடும், நேரம் எடுத்துக்கும், பரவால்ல.

மூணாவதுதான் உயிருக்கே ஆபத்தானது, த்ராட்டில் பிளேட் (லிவர அமுக்குனா தொறந்து காத்து விடுற தகடு) உறைஞ்சு போறது. மூடுன நிலைல உறைஞ்சா லிவர் இறுகி இருக்கும், அத பலம் போட்டு அமுக்குனா ஐஸ் விட்டுட்டு ஒரேயடியா தொறந்துக்கும். பாதி தொறந்த நிலைல ஐஸ் கட்டுனா லிவர விட்டாலும் வண்டி நிக்காது. அதனால பழக்கமாவே வெச்சுக்கங்க, ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இன்ஜின் ஆஃப்ல இருக்கும்போதே லிவர முழுசா அமுக்கி விடுங்க, டக்குனு திரும்பணும். திரும்பலன்னா ஸ்டார்ட் பண்ணவே கூடாது. டெதர் எப்பவும் உடம்புல மாட்டியிருக்கணும், ஹேண்டில்பார்ல சுத்தி வெச்சிருக்குற டெதர் அலங்காரத்துக்குத்தான்.

தடுக்குறது எப்படின்னா, நிறுத்துறதுக்கு முன்னாடி கடைசி கொஞ்ச தூரத்த பனி கிளப்பாம மெதுவா ஓட்டுங்க, டர்போவும் ஆறும். நிறுத்தி ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஐட்லிங்ல விட்டுட்டு ஆஃப் பண்ணுங்க. ஆஃப் பண்ண உடனே, உருகுறதுக்கு முன்னாடி, சைட் பேனல தொறந்து ஃபில்டர், மெஷ் மேல இருக்குற தூள பிரஷ்ல தட்டிருங்க, இன்னும் காஞ்சுதான் இருக்கும், ஒரு நிமிஷ வேலை. அப்புறம் பனி பெய்யலன்னா பேனல தொறந்தே விட்டுட்டு சாப்பிடப் போங்க, சூடு வெளிய போயிரும். எக்ஸாஸ்ட் பக்கம் கை போயிறாம பாத்துக்கங்க. சுடுதண்ணி ஊத்தி ஐஸ உருக்குற ஐடியா யாராவது குடுத்தா கேக்காதீங்க, பத்து நிமிஷத்துல ரெட்டிப்பு ஐஸ் கிடைக்கும். ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயும் கூடாது.

பூஸ்ட் கம்மியா வருது, இல்ல தாறுமாறா வருது, ஆனா மெஷ் ஃபில்டர் எல்லாம் சுத்தம்

அப்ப டர்போவுக்கு அடுத்த பக்கம் போகணும். புஸ்ஸுனு காத்து கசியுற சத்தம் இருந்தா சிலிகான் ஹோஸ் கழண்டிருக்கும், குளிர்ல ரப்பர் சுருங்கி கிளாம்ப் லூஸ் ஆகுறது சகஜம், ஸ்க்ரூடிரைவர் வெச்சு இறுக்குனா முடிஞ்சுது. பிளோ ஆஃப் வால்வ் (மிஞ்சுன பூஸ்ட்ட வெளிய விடுற வால்வ்) தொறந்த நிலைல உறைஞ்சா பூஸ்ட் ஏறாம அது வழியா போயிரும், கையால மெல்ல தட்டிப் பாக்கலாம், அது இருக்குற இடத்துக்கு கை போகும்னா.

வேஸ்ட்கேட் ரெண்டு விதமா மாட்டும். தொறந்தே நின்னுட்டா பூஸ்ட் வராது, வண்டி சாதா வண்டி மாதிரி ஓடும், பத்திரமா வீட்டுக்குப் போயிரலாம். மூடியே நின்னுட்டா பூஸ்ட் எகிறும், அது பிஸ்டன திங்கும். பெரும்பாலும் கேட் உறையாது, எக்ஸாஸ்ட் சூடுல இருக்கே. உறையுறது ஆக்சுவேட்டருக்கு, அதாவது கேட்ட தொறந்து மூடுற சாமானுக்கு, போற சின்ன ஹோஸ். அந்த ஹோஸ்ல ஒரு சொட்டு தண்ணி உறைஞ்சா ஆக்சுவேட்டருக்கு அழுத்தம் போய்ச் சேராது, கேட் தொறக்காது. மேப் சென்சாருக்கு (பூஸ்ட் அழுத்தத்த அளக்குறது) தனி ஹோஸ் இருக்குற கிட் வண்டில அதுவும் இப்படித்தான், அது உறைஞ்சா ஈசியூவுக்கு பூஸ்ட் வந்ததே தெரியாது, பெட்ரோல் கம்மியா விடும், லீனா ஓடும். பூஸ்ட் கேஜ் வழக்கத்த தாண்டிப் போச்சுன்னாலோ டிஸ்ப்ளேல டெட்டோனேஷன் (சிலிண்டருக்குள்ள பெட்ரோல் தாறுமாறா வெடிக்கிறது) வார்னிங் வந்துச்சுன்னாலோ த்ராட்டில விட்டுருங்க, அந்த ஏத்தம் நாளைக்கும் அங்கதான் இருக்கும். இந்த ஹோஸ்கள மாட்டும்போதே நடுவுல தொங்கி பள்ளம் விழாம, டர்போ பக்கம் சரிவா போற மாதிரி மாட்டுனா தண்ணி தேங்காது, சீசன் ஆரம்பத்துல செஞ்சுட்டா போதும்.

ஹூட் சூடு, வார்னிங் லைட், பவர தானே குறைச்சுக்குது

இது அடைப்பு மாதிரியே இருக்கும் ஆனா காத்து அளவு கம்மியாகல, காத்து சூடாயிருச்சு. ஃபேக்டரி டூ-ஸ்ட்ரோக் டர்போல இன்டர்கூலர் கிடையாது, ஸ்கீ-டூலயும் சரி போலாரிஸ் 2022 மாடல்ல கொண்டு வந்த பேட்ரியாட் பூஸ்ட்லயும் சரி, பூஸ்ட் கம்மி, மலைக் காத்து குளிர்ச்சின்னு அத விட்டுட்டாங்க. குளிர் காத்து வர வரைக்கும் சரி. வென்ட் எல்லாம் பனில மூடிக்கிட்டா ஹூட்டுக்குள்ள சுத்துற வெந்த காத்தையே இன்டேக் இழுக்க ஆரம்பிக்கும், நாக் சென்சார் (அந்த தாறுமாறு வெடிப்ப கேக்குறது) புடிச்சுக்கும், ஈசியூ பிளக் பொறி விடுற டைமிங்க பின்னாடி இழுத்து பவர குறைக்கும், சில நேரம் லிம்ப் மோடுக்கே (மெதுவா மட்டும் ஓடுற பாதுகாப்பு நிலை) போயிரும். யமஹா சைட்விண்டர் மாதிரி இன்டர்கூலர் இருக்குற ஃபோர்-ஸ்ட்ரோக்ல, 998 சிசி மூணு சிலிண்டர் வண்டி, முன்னாடி மூக்கு வழியா வர காத்துதான் இன்டர்கூலர குளிர வைக்குது. அங்க பனி அப்பும்போது முதல்ல நல்லாத்தான் இருக்கும், பனிதானே குளிர்ச்சிதானே, ஆனா உருகி மேல் பக்கம் தகடா உறைஞ்சப்புறம் காத்து ஊடுருவாது.

இதுக்குத்தான் எல்லாரும் ஹூட்ல ஓட்டை போட்டு எக்ஸ்ட்ரா வென்ட் மாட்டுறாங்க. வென்ட் நல்லதுதான், எங்க மாட்டுறீங்கங்குறதுலதான் விஷயம். டர்போ, எக்ஸாஸ்ட் இருக்குற பக்கம் மேல சூடு வெளிய போறதுக்கு வென்ட் மாட்டுங்க, அங்க உள்ள வர பனியும் தங்காது, வெளிய போற சூடு அத தள்ளிரும். இன்டேக் பக்கம், ஹூட்டோட முன் சரிவுல வென்ட் போட்டா அது பனி அள்ளுற மம்பட்டிதான். மெஷ் தண்ணி ஒட்டாத வகையா இருக்கணும், சாதா கொசுவலைய வெட்டி ஒட்டி வெச்சிருக்குற வண்டிகளையும் பாத்திருக்கேன், காஞ்ச பவுடர்ல ஒரு நாள் ஓடும், ஈரப் பனில அரை மணி நேரம் தாங்காது. மெஷ் இருக்குற பிளாஸ்டிக் சட்டத்துல பனி ஒட்டாம இருக்க சிலிகான் ஸ்ப்ரே அடிக்கிறாங்க, வெளிப் பக்கம் மட்டும், வண்டி ஆஃப்ல இருக்கும்போது, லேசா அடிச்சு துடைச்சுறுங்க. ஃபில்டர் மேல அடிச்சா அந்த சிலிகான் இன்ஜின் வழியா போய் ஆக்சிஜன் சென்சார் இருக்குற வண்டில அத கெடுக்கும். பெல்ட், கிளட்ச் மேல பட்டா கேக்கவே வேணாம், வழுக்கும்.

ட்ரெய்லர்ல இருந்து இறக்குனதுமே கோளாறு

பனிக்குள்ள இன்னும் போகவே இல்ல, பார்க்கிங்லயே இழுக்கல. ராத்திரி பூரா ஹைவேல ரோஜர்ஸ் பாஸ் தாண்டி திறந்த டெக்ல ஏத்திட்டு வந்திருப்பீங்க, முன்னாடி லாரி அடிச்ச உப்புச் சேறு முழுக்க வென்ட்ல. அது சாதா ஐஸ் இல்ல, உப்பும் மண்ணும் கலந்தது, இத மட்டும் எந்தக் காரணத்துக்கும் இன்ஜின் இழுக்க விடாதீங்க. கவர் போடுங்க, கவர் இல்லன்னா வென்ட் மேல டேப்பாவது ஒட்டுங்க, இறக்குனதும் டேப்ப எடுக்க மறந்துறாதீங்க. சூடான கராஜ்ல இருந்து நேரா வெளிய எடுக்குற வண்டிலயும் ஏர்பாக்ஸ்ல தேங்கியிருந்த ஈரம் உறையும், அதனால முந்தின நாளே ஏர்பாக்ஸ தொறந்து துடைச்சு காய விட்டுருங்க.

நீலப் புகை, குழாய்ல ஆயில்

ஃபில்டர் அடைச்சு டர்போ வாய்ல வெற்றிடம் அதிகமானா ஷாஃப்ட் சீல் வழியா ஆயில கம்ப்ரஸர் பக்கம் உறிஞ்சும். டர்போ போச்சுன்னு உடனே முடிவு பண்ணி புதுசு ஆர்டர் போட்டுறாதீங்க, அடைப்ப சரி பண்ணி குழாய துடைச்சுட்டு ஓட்டிப் பாருங்க, நிறைய தடவ நின்னுரும். நிக்கல, ஷாஃப்ட்ட விரலால அசைச்சா ஹவுசிங்க தொடுது, இறக்கை நுனி மடங்கியிருக்கு, அப்ப நிஜமாவே டர்போதான். நுனி மடங்குறது பெரும்பாலும் ஐஸ் துண்டு வேலை, ஃபில்டர் இல்லாம ஓட்டுன வண்டியா இருக்கும். ஃபோர்-ஸ்ட்ரோக்ல ப்ரீதர் ஹோஸையும் பாருங்க, கிராங்க்கேஸ் ஆவி உறைஞ்சு அது அடைச்சா உள்ள அழுத்தம் ஏறி ஆயில் கிடைச்ச சந்துல எல்லாம் வெளிய வரும்.

இன்டேக்கே இல்லாத கேஸ்

ஆர்பிஎம் எகிறுது ஆனா டிராக் வேகம் வரல, ரப்பர் கருகுற வாசனை வருதுன்னா பெல்ட். கிளட்ச் கவர்ல பனி புகுந்து பெல்ட் ஈரமானாலும் இதேதான். இன்டேக் அடைச்சா ஆர்பிஎம் இறங்கும், பெல்ட் வழுக்குனா ஏறும், இந்த ஒரு வித்தியாசத்த ஞாபகம் வெச்சுக்கிட்டா பாதி குழப்பம் தீந்துரும். சாதா பெட்ரோல் போட்டு வண்டி பவர குறைக்குதுன்னா அதுக்கும் ஃபில்டருக்கும் சம்பந்தமில்ல, டர்போவுக்கு ப்ரீமியம்தான் போடணும்.

தண்ணி நிஜமாவே உள்ள போயிருச்சு

வண்டி கவுந்து பனிக்குள்ள கொஞ்ச நேரம் கெடந்துச்சு, இல்ல ஓடைல மூக்கு போயிருச்சு, நிமித்தி ஸ்டார்ட்டர அமுக்குனா டொக்குனு நிக்குதுன்னா அதுக்கு மேல அமுக்காதீங்க. டெதர் கழட்டுங்க, ஸ்பார்க் பிளக் எல்லாத்தையும் எடுங்க, இன்டேக் குழாய டர்போ பக்கம் கழட்டி தண்ணிய வடிய விடுங்க, ஃபில்டர பிழிஞ்சு உள் ஜாக்கெட்ல வைங்க. கில் ஸ்விட்ச் ஆஃப்லயே இருக்கட்டும், கயிறு இருந்தா கயித்தால மெல்ல இழுத்து சிலிண்டர்ல இருக்குற தண்ணிய பிளக் ஓட்டை வழியா வெளியேத்துங்க, மூஞ்சிய அந்தப் பக்கம் வெச்சுக்காதீங்க. காஞ்ச பிளக் ஒரு செட் எப்பவும் டனல் பேக்ல இருக்கணும். ஸ்டார்ட் ஆச்சுன்னா கொஞ்ச நேரம் ஐட்லிங், அப்புறம் பாதி த்ராட்டில தாண்டாம ட்ரக் நிக்கிற இடம் வரைக்கும் ஓட்டிப் போங்க, அன்னைக்கு அவ்ளோதான். ஃபோர்-ஸ்ட்ரோக்னா கிளம்புறதுக்கு முன்னாடி டிப்ஸ்டிக் பாருங்க, ஆயில் பால் மாதிரி இருந்தா ஓட்டவே வேணாம், கட்டி இழுத்துட்டு வர வழியப் பாருங்க.